எந்த ஷட்டர் என்று சொல்லுங்கள்

"யாஷிகாவுக்கு ஸ்பேர் கிடைக்குமா சார்?" என்று போன் வரும். கிடைக்கும் என்றும் சொல்ல மாட்டேன், கிடைக்காது என்றும் சொல்ல மாட்டேன். முன்பக்கத்தில் லென்ஸை ஒட்டிப் பொடி எழுத்தில் ஷட்டரின் பெயர் போட்டிருக்கும், வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள் என்பேன். கோப்பல் என்று வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சிட்டிசன் என்றால் கொஞ்சம் யோசிப்பேன். காம்பூர் என்று படித்தால் அவர் கையில் இருப்பது யாஷிகாவே இல்லை, ரோலைகார்ட். மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு லென்ஸ் இருந்துவிட்டால் எல்லாமே யாஷிகாதான் என்று நம் கல்யாண வீடுகளில் ஒரு தலைமுறையே சொல்லிப் பழகிவிட்டது.

ஷட்டரை ஏன் கேட்கிறேன் என்றால், அந்தக் கால மீடியம் ஃபார்மட் கேமரா முழுக்க ஒரே கம்பெனியில் பிறந்ததில்லை. யாஷிகா பாடியைச் செய்தது, ஷட்டரைக் கோப்பலிடம் வாங்கியது. மினோல்டா தன் ஆட்டோகார்டில் சில வருஷம் சிட்டிசன் ஷட்டர் போட்டது, சில வருஷம் சீகோஷா போட்டது. இரண்டுமே கைக்கடிகாரம் செய்த வீடுகள். மாமியாவின் சி வரிசை லென்ஸ்களிலும் சீகோஷாதான். ஜெர்மனிக்காரர்களும் அப்படியே. ரோலைஃப்ளெக்ஸ் பிரவுன்ஷ்வைக் நகரில் பொருத்தப்பட்டாலும் அதன் காம்பூர் ஷட்டர் மியூனிக்கில் டெக்கல் பட்டறையிலிருந்து வந்தது. ஆகவே 'யாஷிகா-டி' என்று எழுதியிருக்கும் ஒரு செத்த கேமராவுக்குள் 'யாஷிகா-மாட்'டுக்கு வேண்டிய ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கலாம். நசுங்கிப்போன மடக்கு கேமரா ஒன்றின் காம்பூரில் ரோலைகார்டுக்குப் பொருந்தும் திருகாணி இருக்கலாம். எல்லாம் பொருந்தாது. ஒரே பெயருள்ள ஷட்டரிலேயே வருஷத்துக்கு வருஷம் நெம்பை மாற்றியிருப்பார்கள். பொருந்துவது எது, பொருந்தாதது எது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் இந்தத் தொழிலில் என் சொத்து. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, பட்டறையில் உள்ள நீளமான கணக்கு நோட்டில் இருக்கிறது.

இந்தக் கேமராக்களைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இவற்றில் போகிற 120 ரோல் ஃபிலிமை கோடாக் 1901-ல் கொண்டு வந்தது. ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் அகலம். சதுரப் படம் எடுக்கும் கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு. நெகட்டிவ் பெரிதாக இருப்பதால் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக்கினாலும் முகம் உடையாது. நம் நாட்டு ஸ்டுடியோக்கள் இதனால்தான் முப்பத்தைந்து மில்லிமீட்டருக்கு மாறாமல் ரொம்பக் காலம் இதிலேயே நின்றன. ஃபிலிமுக்கு ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல்கள் வந்தன. பல வருஷம் நொடித்துக் கிடந்து கடைசியில் அந்த ஆலை மூடப்பட்டது. வீட்டுக்காரர்களுக்கு வடோதராவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்த ஆக்ஃபா கிளிக் 3 இருந்தது. பிளாஸ்டிக் உடம்பு, அதே 120 ஃபிலிம். கிளிக் 3-க்கு ஸ்பேர் கேட்டு யாராவது வந்தால் நான் காசு வாங்குவதில்லை. உள்ளே இருப்பது ஒரு தகடும் ஒரு ஸ்பிரிங்கும். டீ ஆறுவதற்குள் சரியாகிவிடும்.

என் பட்டறை போபோடியில் இருக்கிறது. புனேயிலிருந்து மும்பை சாலையில் வந்தால் ஹாரிஸ் பாலத்துக்கு இந்தப் பக்கம். பாலம் ஏறி முளா ஆற்றைக் கடந்தால் தாபோடி. 2023 ஆகஸ்டில் மெட்ரோ நிலையம் திறந்த பிறகு வழி சொல்வது சுலபமாகிவிட்டது. பக்கத்தில் கட்கி. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்றும் கிர்க்கிதான். அங்கே 1869-ல் தொடங்கிய அம்யூனிஷன் ஃபேக்டரியை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா அங்கே ஃபிட்டர். நான் ஃபேக்டரிக்குப் போகாமல் கிர்க்கி பஜாரில் ஒரு ஸ்டுடியோவில் டார்க் ரூம் பையனாகச் சேர்ந்தேன். அங்கே பழுதான கேமராவைக் கடிகாரக் கடைக்காரரிடம் கொண்டு போய் நின்று நின்று, அவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் தொழில்.

உதிரி தேடுகிறவனுக்குப் போபோடியைப் போல இடம் அமையாது என்பது என் எண்ணம். மும்பை கோட்டைப் பகுதியில் போரா பஜார் இருக்கிறது, கேமராக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் அங்கே பொருள் இல்லையென்றால் இல்லைதான். எனக்கு இங்கே தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற டூல் ரூம் ஆட்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் போசரி. அங்கே லேத், மில்லிங், வயர் கட் என்று சின்னச் சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கே கிடையாது. நகரத்துக்குள் போனால் ஜூனா பஜார்.

ஜூனா பஜார் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மங்கள்வார் பேட் பக்கம் கூடுகிறது. தரையில் கோணியை விரித்துப் பழைய பூட்டு, பித்தளைச் செம்பு, டெலிபோன், டிரில் மெஷின் என்று பரப்பியிருப்பார்கள். நடுவில் ஒரு கேமரா கிடக்கும். நேராக அதன் முன்னால் போய்க் குந்தினால் விலை ஏறிவிடும். பக்கத்தில் உள்ள குறடையோ அரத்தையோ எடுத்து விசாரித்துவிட்டு, போகிற போக்கில் கேமராவை எடுக்க வேண்டும். எடுத்ததும் காதுக்குப் பக்கத்தில் லேசாக ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே ஏதாவது உருண்டால், கழன்ற திருகாணியாக இருந்தால் நல்லது, உடைந்த பல்லாக இருந்தால் கெட்டது. சத்தத்தை வைத்தே ஓரளவு சொல்லலாம். அடுத்து ஷட்டரை ஒரு வினாடிக்கு வைத்து அழுத்துவேன். 'ர்ர்ர்' என்று சீராக ஓடி முடிந்தால் மெதுவேகச் சக்கரங்கள் உயிரோடு இருக்கின்றன. பாதியில் நின்றால் எண்ணெய் உறைந்திருக்கிறது, அது பெரிய நோய் இல்லை. நாஃப்தாவில் கழுவினால் ஓடும். பின் கதவைத் திறந்து லென்ஸ் வழியாக வானத்தைப் பார்ப்பேன். ஓரத்திலிருந்து சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்து வந்திருந்தால் பூஞ்சை. புனே மழையில் நாலு மாதம் பீரோவில் பூட்டி வைத்த கேமராவுக்கு இது தப்பாது. துடைத்தால் போகும், ஆனால் லென்ஸின் மேல்பூச்சைத் தின்றிருந்தால் தடம் நிற்கும்.

கொஞ்ச காலமாக ஜூனா பஜாரில் எனக்குப் போட்டி வேறு மாதிரி ஆட்கள். காபி ஷாப் வைக்கிறவர்களும் வீடு அலங்கரிக்கிறவர்களும் அலமாரியில் வைக்கப் பழைய கேமரா தேடுகிறார்கள். அவர்களுக்கு அது ஓட வேண்டியதில்லை, நிக்கல் பளபளத்தால் போதும். நான் உதிரிக்கு என்று பேசிக்கொண்டிருக்கும் விலைக்கு மேல் ஒரே பேச்சில் கொடுத்துவிட்டு எடுத்துப் போய்விடுகிறார்கள். நல்ல கோப்பல் ஷட்டர்கள் எத்தனையோ இன்று கப்புச்சினோ மெஷினுக்கு மேலே தூசி தட்டப்பட்டுக் கொண்டிருக்கின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. விற்பவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு எந்தக் கையில் காசு வந்தாலும் காசு.

வாங்கி வந்ததைப் பிரிக்கலாமா என்பது அடுத்த கேள்வி. ஒரு கேமராவைக் காப்பாற்ற இன்னொன்றை உடைக்கிறோம். எனக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: ஓட வைக்க முடிகிற கேமராவை உதிரிக்காகப் பிரிப்பதில்லை. கீழே விழுந்து பாடி கோணியது, தண்ணீரில் கிடந்தது, பூஞ்சை தின்று லென்ஸ் போனது, இவை மட்டும்தான் பிரிக்கும் மேசைக்குப் போகும். மற்றதைச் சரி செய்து சினிமா இன்ஸ்டிடியூட்டில் படிக்கிற பிள்ளைகளுக்குச் சல்லிசாகக் கொடுத்துவிடுவேன். பிரபாத் ஸ்டுடியோ இருந்த வளாகத்தில் 1960-ல் தொடங்கிய இன்ஸ்டிடியூட் அது. அங்கிருந்து வருகிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காசு இருக்காது, பொறுமை இருக்கும். பழைய கேமராவுக்கு அதுதான் வேண்டும்.

யாஷிகா-மாட் 124ஜி என்னிடம் அதிகம் வருகிறது. 1970-லிருந்து 1986 வரை செய்தார்கள். யாஷிகாவை 1983-ல் கியோசெரா வாங்கியது, அந்தக் கம்பெனியும் 2005-ல் கேமராத் தொழிலே வேண்டாம் என்று விட்டுவிட்டது. ஆக, கேட்டுக் கடிதம் போடக்கூட யாரும் இல்லை. 124ஜியில் அதிகம் போவது மூன்று இடம். முதலாவது செல்ஃப் டைமர். அதன் நெம்பை யாராவது ஆசையாகத் தள்ளிவிட்டால் பாதி வழியில் சிக்கி ஷட்டரையே பூட்டிவிடும். இதற்கு நான் உதிரி தேடுவதே இல்லை. செல்ஃப் டைமர் சக்கரத் தொகுதியைக் கழற்றி ஒரு பொட்டலத்தில் கட்டி உரிமையாளர் கையில் கொடுத்துவிடுவேன். அது இல்லாமல் கேமரா நிம்மதியாக ஓடும். "ஒரிஜினலா இல்லாம போயிடுமே" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். படம் எடுக்கவா, பார்த்துக்கொண்டிருக்கவா என்று கேட்டால் சிரித்துவிட்டுச் சம்மதிப்பார்கள்.

இரண்டாவது மீட்டர். அதற்கென்று செய்த 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் பட்டன் செல்லைப் போட்டால் மீட்டர் பொய் சொல்லும். இதற்கு வழி காது கேட்கும் கருவி விற்கிற கடையில் இருக்கிறது. 675 என்ற எண்ணில் வரும் துத்தநாகக் காற்றுச் செல் ஏறக்குறைய 1.4 வோல்ட் தரும், அளவுதான் சின்னது. சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டால் கச்சிதமாக உட்காரும். ஒட்டியிருக்கும் தாளை உரித்தபின் காற்று பட்டு அது சில வாரங்களில் தீர்ந்துவிடும், அவ்வளவுதான்.

மூன்றாவது கிராங்க். ஃபிலிம் சரியாக மாட்டாமலோ, ஷட்டர் அழுத்தாமலோ கிராங்கைப் பலவந்தமாகச் சுற்றினால், சக்கரத்தைப் பின்னால் போகவிடாமல் தடுக்கிற நாக்கும் அதன் ஸ்பிரிங்கும் போகும். ஸ்பிரிங் வாத்தியக் கடையில் கிடைக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். மிரஜ் ஊரில் செய்த சிதாரும் தம்புராவும் விற்கிற கடைகள் புனேயில் உண்டு. சிதாரின் எஃகுக் கம்பி 0.3 மில்லிமீட்டர் அளவில் கிடைக்கிறது, நல்ல முறுக்கு. ஊசியில் சுற்றிச் சுருளாக்கி, முனையை மடித்தால் ஸ்பிரிங். வீணைக் கம்பியும் ஆகும், ஆனால் புனேயில் அதைத் தேடுவது இன்னொரு உதிரி வேட்டை.

பல்சக்கரம் போனால்தான் போசரிக்குப் போக வேண்டும். போவதற்கு முன் கணக்குப் போட்டுக்கொண்டு போவேன். உடைந்த சக்கரத்தின் பற்களை எண்ணி அதோடு இரண்டைக் கூட்டி, வெளிவிட்டத்தை அதனால் வகுக்க வேண்டும். 22 பல், வெளிவிட்டம் 9.6 மில்லிமீட்டர் என்றால் 24-ஆல் வகுக்க 0.4 வரும். அதுதான் மாட்யூல். இதைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வயர் கட் போடுகிறவர் என்னை ஆளாக மதிக்கிறார். உடைந்த சக்கரத்தை மட்டும் நீட்டினால் "பாவ், இது என்ன பொம்மையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். வெட்டுகிற பரப்பு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று பார்த்துத்தான் அங்கே கூலி. எங்கள் சக்கரத்துக்குக் கூலி சொற்பம், மெஷினில் கட்டி நேர் பார்க்கிற வேலைதான் பெரிது. அதனால் அவர்கள் வேறு பெரிய வேலைக்கு எஃகுத் தகடு கட்டியிருக்கும்போது, அதன் மூலையில் மிஞ்சுகிற இடத்தில் என் சக்கரத்தை வெட்டித் தருவார்கள். எப்போது அந்த மூலை மிஞ்சும் என்று யாருக்கும் தெரியாது. வாடிக்கையாளரிடம் நான் தேதி சொல்லாததற்கு இதுதான் காரணம்.

மினோல்டா ஆட்டோகார்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1955-லிருந்து பத்து வருஷம் போல வந்த கேமரா. அதன் ரொக்கோர் லென்ஸுக்கு இணையாக அந்த விலையில் ஒன்றும் கிடையாது என்பேன், யாஷிகாக்காரர்கள் கோபிக்கட்டும். ஃபோகஸ் செய்ய யாஷிகாவிலும் ரோலையிலும் பக்கவாட்டில் குமிழ் இருக்கும். ஆட்டோகார்டில் லென்ஸுக்கு அடியில் ஒரு நெம்பு, இடமும் வலமும் நகரும். இடது உள்ளங்கையில் கேமராவை ஏந்தி, விரலாலேயே நகர்த்தலாம். அருமையான யோசனை. ஆனால் அந்த நெம்பைத் துத்தநாகக் கலவையில் வார்த்துவிட்டார்கள். ஐம்பது அறுபது வருஷத்தில் உள்ளே ஹெலிகாய்டு மரையில் போட்ட கிரீஸ் மெழுகாக இறுகிவிடும். பீரோவிலிருந்து எடுத்தவர் "டைட்டா இருக்கே" என்று ஒரு அழுத்து அழுத்துவார். நெம்பு பிஸ்கட்டாக முறியும். என்னிடம் வருகிற ஆட்டோகார்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்துக்காக வருகின்றன. உதிரிக்கு இன்னொரு ஆட்டோகார்டை வாங்கிப் பிரயோஜனம் இல்லை, அதிலும் அதே நெம்பு முறிந்திருக்கும். மினோல்டாவும் கொனிகாவோடு சேர்ந்து, 2006-ல் கேமராத் தொழிலை விட்டே போய்விட்டது.

நெம்பைப் புதிதாகச் செய்வதுதான் வழி. முதல் முறை அதைச் செய்தது எங்கள் தெருவில் இருந்த ஒரு டூல் ரூம் மாமாவின் வீட்டுத் திண்ணையில். அப்பாவோடு வேலை பார்த்தவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு முறிந்த துண்டு இரண்டையும் ஒட்டிப் பார்த்தார். மைக்ரோமீட்டரில் தடிமனைப் பார்த்துக் கதவில் சாக்பீஸால் எழுதினார்.

"இது ஏன் ஒடைஞ்சுது?"

"உள்ள கிரீஸ் கெட்டியாயிடுச்சு மாமா. போட்டு அழுத்தியிருக்காங்க."

"சரி. நான் இதை இரும்பில அடிச்சுக் குடுக்கறேன்னு வெச்சுக்கோ. அடுத்த தடவை எது ஒடையும்?"

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. நெம்பு உடையாமல் இருந்தால் அந்த விசை முழுக்க உள்ளே போய் மரையைத் தின்றுவிடும். மரை போனால் கேமரா போன மாதிரிதான். பித்தளைப் பட்டையில் செய்யலாம் என்று அவரே சொன்னார். செய்து முடித்தபின், நெம்பின் கழுத்தில் அரத்தை வைத்து இரண்டு இழு இழுத்துக் கொஞ்சம் ஒல்லியாக்கினார். அதிகம் அழுத்தினால் அந்த இடத்தில் வளையட்டும், உனக்குத் தெரிந்துவிடும், கழற்றி நேராக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்றார். நான் இன்றுவரை செய்கிற ஒவ்வொரு நெம்பிலும் அந்தக் கழுத்து இருக்கிறது.

நெம்பு மாற்றுவதற்கு முன்னால் பழைய கிரீஸ் முழுக்கப் போயாக வேண்டும். முன் தகட்டைக் கழற்றி, ஹெலிகாய்டைப் பிரிக்கையில், மரை கழன்று விடுபடுகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஊசியால் கோடு போட்டுவிட வேண்டும். அந்த மரைக்கு ஆரம்ப இடங்கள் பல. தப்பான இடத்தில் பிடித்தாலும் அழகாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும், ஆனால் ஃபோகஸ் வராது. கழுவி, புதுக் கிரீஸ் மெல்லிசாகத் தடவி, பூட்டியபின் பின் கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் சொரசொரப்புக் கண்ணாடித் துண்டை வைத்து, மொட்டை மாடியிலிருந்து தூரத்து செல்போன் டவரைப் பார்ப்பேன். கீழ்க் கண்ணாடியில் டவரின் கம்பிகள் கூர்மையாக விழும்போது மேலே வ்யூஃபைண்டரிலும் கூர்மையாக விழ வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும்வரை மேல் லென்ஸை அதன் மரையில் ஒரு மயிரிழை உள்ளே, ஒரு மயிரிழை வெளியே. உதிரி கிடைப்பதைவிட இதற்குத்தான் நேரம் பிடிக்கும். சிலர் உதிரியை மட்டும் தபாலில் அனுப்புங்கள், நாங்களே மாட்டிக்கொள்கிறோம் என்பார்கள். அனுப்புவேன், டவரைப் பற்றியும் ஒரு தாளில் எழுதி வைத்து.

வ்யூஃபைண்டர் கண்ணாடி கருத்துப்போய் வருவதும் சகஜம். அது வீட்டுக் கண்ணாடி இல்லை, ரசம் முன்பக்கம் பூசியது. கண்ணாடிக் கடையில் கேட்டால் கிடைக்காது. பழைய ஜெராக்ஸ் மெஷினிலும் ஸ்கேனரிலும் நீளப் பட்டையாக முன்பக்க ரசக் கண்ணாடி இருக்கும். காயலான் கடையில் ஜெராக்ஸ் மெஷினைப் பிரிக்கிற பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வைர ஊசியில் வெட்டிப் போடலாம். பழையதும் புதியதும் ஒரே தடிமன் இல்லையென்றால் ஃபோகஸ் மாறும், மறுபடி செல்போன் டவர். ஃபோகஸ் பார்க்கும் திரை மங்கலாக இருந்தால் மாமியா ஆர்பி 67-இன் திரையை வெட்டிப் போடுவது நல்ல பலன் தருகிறது. வெளிச்சம் உள்ளே கசிந்தால் தையல்காரரிடம் கறுப்பு வெல்வெட் துண்டு. லென்ஸ் மூடிக்கும் ஹுட்டுக்கும் யாரும் அலைய வேண்டாம். ரோலைகார்டில் போகிற பே ஒன் அளவுதான் யாஷிகா-மாட்டிலும் ஆட்டோகார்டிலும் போகிறது.

ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் எத்தனையோ கேமரா பாழாகியிருக்கிறது. ஜப்பான் கேமராவில் உள்ள கூட்டல் குறித் திருகாணி ஜப்பான் தரத்தில் வெட்டியது. நாம் கடையில் வாங்குகிற ஃபிலிப்ஸ் திருப்புளி அதில் அடிவரை உட்காராது, மேலே வழுக்கி விளிம்பைச் சவட்டிவிடும். தலை மழுங்கிய திருகாணியை எடுக்கிற வேலைக்கு நான் தனிக் கூலி வாங்குகிறேன், கேமராவைத் திறந்தது யார் என்று கேட்காமலே.

ஹாசல்பிளாட் என்னிடம் அதிகம் வருவதில்லை, வந்தாலும் மும்பையிலிருந்து வருகிறது. என்னிடம் வருவதில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, பழைய லென்ஸ்களில் அதுவும் காம்பூர்தான். பின்னால் மாட்டும் மேகசினில் வெளிச்சம் புகாமல் தடுக்கிற பட்டை தேய்ந்து போவது வழக்கமான புகார், அதை மாற்றுவது சுலபம். பாடிக்கு உதிரி கேட்டால்தான் கை விரிக்க வேண்டியிருக்கும். அப்போலோ பயணங்களில் எடை குறைக்க ஹாசல்பிளாட் பாடிகளை நிலவிலேயே விட்டுவிட்டு ஃபிலிம் மேகசினை மட்டும் எடுத்து வந்தார்கள். இதைச் சொல்லி, ஸ்பேர் அங்கே நிறைய இருக்கிறது, ஆட்டோ கிடைத்தால் போய் எடுத்து வரலாம் என்று வாடிக்கையாளரைச் சிரிக்க வைத்து அனுப்புவேன்.

ஜப்பானிலிருந்து வரவழைக்கலாமே என்று கேட்பார்கள். அங்கே ஓடாத கேமராவை 'ஜங்க்' என்று சொல்லி விற்கிறார்கள், நம் ஜூனா பஜாரைவிட நல்ல நிலையில் இருக்கும். ஆனால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் சில நேரம் கேமராவின் விலையைத் தாண்டிவிடும். ஒரு பார்சல் வந்தபோது, ஓடாத கேமராவுக்கு இவ்வளவு விலையா என்று சுங்கத்தில் என்னை விளக்கம் கேட்டார்கள். ஓடினால் இதைவிடக் குறைவாகத்தான் சார் கிடைக்கும் என்று உண்மையைச் சொன்னேன், அவர்களுக்கு அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. இரண்டு மூன்று வாடிக்கையாளர்களுக்கு ஒரே மாதிரி தேவை சேர்ந்தால்தான் இப்போது வரவழைக்கிறேன். ஒரு செத்த யாஷிகா மூன்று பேருக்குப் பிரியும்: ஒருவருக்கு ஷட்டர், ஒருவருக்குக் கிராங்க் பக்கம், ஒருவருக்கு மேல் மூடி. எது யாருக்குப் போனது என்று கேமராவின் சீரியல் நம்பரோடு நோட்டில் எழுதிவிடுவேன். பின்னால் அதே ஷட்டர் மறுபடி என்னிடமே வரும், அப்போது அதன் வயது எனக்குத் தெரிந்திருக்கும்.

கேமரா அனுப்ப நினைப்பவர்களுக்கு: பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், ஃபோகஸை முடிவிலியில் வைத்து முகப்பை உள்ளே இழுத்துவிடுங்கள். பழைய ஃபிலிம் சுருளின் வெற்று ரீல் உள்ளே இருந்தால் அதை எடுத்து எறிய வேண்டாம். கோடாக் 1995-ல் நிறுத்திவிட்ட 620 ஃபிலிம் போகிற கேமராவாக இருந்தால் அந்த மெல்லிய ரீல்தான் அதன் மிக அரிய உதிரி. 120 ஃபிலிமை இருட்டில் அதில் மாற்றிச் சுற்றிப் போடலாம், ரீல் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. எது உடைந்திருந்தாலும் உடைந்த துண்டைக் கேமராவோடு ஒரு உறையில் போட்டு அனுப்புங்கள். துண்டு இருந்தால் அளவு எடுக்கலாம், பல்லை எண்ணலாம். அது இல்லையென்றால் இன்னொரு கேமரா பழுதாகி வரும்வரை இரண்டு பேரும் காத்திருக்க வேண்டும்.